வீட்டு ஸ்குவாஷில் சிட்ரிக் ஆசிட் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் திராட்சை ஸ்குவாஷ், இஞ்சி எலுமிச்சை சிரப், நன்னாரி சர்பத் மூன்றும் தயாராகிவிடும். பாட்டில் வாங்கிப் போகிறவர்கள் செய்முறையும் கேட்பார்கள். அதில் 'சிட்ரிக் ஆசிட்' என்ற வரி வந்ததும் பேச்சு நின்று கேள்விகள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கார்டியல், ஸ்குவாஷ், சிரப், சர்பத் என்று பெயர் எதுவானாலும் தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புச் சாறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பழத்திலேயே புளிப்பு இருக்கிறதே, தனியாக ஆசிட் எதற்கு?

பழத்தை அப்படியே சாப்பிடும்போது அந்தப் புளிப்பு போதும். ஸ்குவாஷில் அது இரண்டு தடவை நீர்த்துப்போகிறது. முதலில் சர்க்கரையும் தண்ணீரும் சேர்க்கிறோம். பிறகு குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுகிறோம். சர்க்கரையை மட்டும் நாம் கைநிறையப் போட்டிருப்பதால் இனிப்பு நிற்கிறது. புளிப்பு காணாமல் போகிறது. அப்படிக் குடித்தால் திராட்சை மணமுள்ள சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு டம்ளர் பழ பானம் நாக்குக்குச் சரியாக இருக்க, இனிப்பு சுமார் 11 சதவீதமும் புளிப்பு சுமார் 0.3 சதவீதமும் வேண்டும். நான்கு மடங்காக நீர்க்கப் போகிறது என்றால் பாட்டிலில் 45 சதவீத இனிப்பும் 1.2 சதவீத புளிப்பும் இருக்க வேண்டும். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையில் 1 லிட்டர் சாறு, 1 கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் இரண்டரை கிலோ வரும். அதற்குத் தேவையான புளிப்பு 30 கிராம். சாற்றில் இயல்பாக இருப்பது ஏழெட்டு கிராம்தான். மீதிக்காகத்தான் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் போடுகிறோம்.

அப்படியென்றால் எல்லாப் பழத்துக்கும் அதே 20 கிராமா?

இல்லை. பெரும்பாலான செய்முறைகள் தவறுவது இந்த இடத்தில்தான். அளவைப் பழம்தான் தீர்மானிக்க வேண்டும், செய்முறைப் புத்தகம் அல்ல.

எலுமிச்சைச் சாற்றில் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது. 1 லிட்டர் சாறு, 2 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணீர் என்று ஸ்குவாஷ் போட்டால் புளிப்பு ஏற்கெனவே ஒன்றே கால், ஒன்றரை சதவீதம் வந்துவிடும். அதில் மேலும் ஆசிட் போடச் சொல்லும் செய்முறை பழத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். நீலகிரியில் கிடைக்கும் பேஷன் ஃப்ரூட்டும் அப்படித்தான், அதுவே நல்ல புளிப்பு. அன்னாசிக்குக் கொஞ்சம் தேவைப்படும். பழுத்த மாம்பழத்துக்கு நிறையவே தேவை. தர்பூசணி, பப்பாளி, பீட்ரூட், இஞ்சி, ரோஜா இதழ், நன்னாரி, வெட்டிவேர் இவற்றில் புளிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பழம் வாங்கும் வாரத்துக்கு வாரம் புளிப்பு மாறும். அதனால் நான் சொன்ன அளவில் முக்கால் பங்கை முதலில் போடுங்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, குடிக்கிற மாதிரியே மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டு ருசி பாருங்கள். கெட்டியான சிரப்பை விரலில் தொட்டு நக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அத்தனை சர்க்கரையில் புளிப்பு நாக்குக்குத் தெரியாது.

ஆசிட் என்கிறீர்களே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

பெயர்தான் பயமுறுத்துகிறது. எலுமிச்சையைப் புளிக்க வைக்கும் பொருள் இதுதான். 1784இல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நம் உடம்பின் பெரும்பாலான செல்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கும் வழியில் இதே அமிலத்தை உண்டாக்கிக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன.

கடையில் கிடைப்பது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தால் அது சிட்ரிக் அமிலத்தை உண்டாக்கித் தரும். ஜேம்ஸ் கரி என்ற வேதியியலாளர் 1917இல் இதைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளில் ஆலை உற்பத்தி தொடங்கியது. பூஞ்சையை நீக்கிச் சுத்தம் செய்தபின் கிடைக்கும் படிகமும் எலுமிச்சைக்குள் இருப்பதும் ஒரே பொருள்தான்.

வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். உணவுத் தரம் என்று அச்சிட்ட, எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உள்ள பாக்கெட்டை மளிகைக் கடையிலோ கேக் சாமான் விற்கும் கடையிலோ வாங்குங்கள். சேர்க்கைப் பொருள் எண் 330 என்று இருக்கும். குழாய்க் கறை நீக்க விற்கும் சிட்ரிக் ஆசிட் சமையலுக்கு ஆகாது. எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்ற பெயரை மட்டும் நம்பியும் வாங்க வேண்டாம். துரு நீக்கப் பயன்படும் ஆக்சாலிக் அமிலத்தின் உப்புக்கும் ஆங்கிலத்தில் பழைய நாளில் கிட்டத்தட்ட இதே பெயர்தான். அது விஷம்.

ஆசிட்டுக்குப் பதில் எலுமிச்சையே பிழியலாமே?

பிழியலாம், சுவை பொருந்தினால். சமமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் ஏறக்குறைய 5 கிராம். அது 90 முதல் 100 மில்லி எலுமிச்சைச் சாற்றுக்குச் சமம், அதாவது நம்மூர் எலுமிச்சை ஐந்தாறு. திராட்சை ஸ்குவாஷுக்கு 20 கிராம் வேண்டுமென்றால் இருபதுக்கு மேல் பழம் பிழிய வேண்டும். அப்புறம் அது திராட்சை ஸ்குவாஷாக இருக்காது. சிட்ரிக் ஆசிட்டுக்குத் தனி மணம் இல்லை என்பதே அதன் பெரிய வசதி. பழத்தின் மணத்தை மறைக்காமல் புளிப்பை மட்டும் தரும்.

இங்கிலாந்தில் எல்டர் பூவை ஊறவைத்துக் கார்டியல் செய்வார்கள். மென்மையான மணமுள்ள வெள்ளைப் பூ அது. எலுமிச்சைத் துண்டுகளோடு சிட்ரிக் ஆசிட்டையும் அதில் வழக்கமாகவே சேர்க்கிறார்கள். பூவில் புளிப்பு கிடையாது, எலுமிச்சையை மட்டும் நம்பினால் பூ மணம் தோற்றுவிடும்.

இஞ்சிக்கு மட்டும் நான் ஆசிட் தொடுவதே இல்லை. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்தால்தான் அந்தச் சுவை.

ஆசிட் போட்டுவிட்டால் ஸ்குவாஷ் கெடாது என்கிறார்களே?

இது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் திராட்சை ஸ்குவாஷ் போட்ட ஆண்டு, இனிப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக்கினேன். ஆசிட்தான் போட்டிருக்கிறோமே என்ற தைரியத்தில் பாட்டில்களை அலமாரியிலேயே அடுக்கினேன். பத்து நாளில் மூடிகள் உப்பின. ஒரு கண்ணாடிப் பாட்டில் இரவில் வெடித்தது. யாரும் அருகில் இல்லாததால் தப்பித்தோம்.

நடந்தது இதுதான். புளிப்பு பாக்டீரியாவை அடக்கும். குறிப்பாக, உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி, புளிப்பு அளவான பிஎச் 4.6க்குக் கீழே போனால் வளராது. (பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.) ஈஸ்ட்டும் பூஞ்சையும் அப்படி இல்லை. பிஎச் 3இலும் அவை சௌகரியமாக வாழும். திராட்சைத் தோலில் ஈஸ்ட் தானாகவே ஒட்டியிருக்கும். நீர்த்த சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருந்தது அதுதான்.

ஈஸ்ட்டை அடக்க மூன்று வழிகள் இருக்கின்றன. சர்க்கரையை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது ஒன்று. நல்ல சூட்டில், சூடான கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி மூடி, திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொன்று. பதனப்பொருள் சேர்ப்பது மூன்றாவது. ஆசிட் இந்த மூன்றுக்கும் துணை நிற்கும். தனியாக நின்று காக்காது.

உப்பிய மூடியைக் கண்டால் பாட்டிலைத் துணியால் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தொட்டிக்குள் மெதுவாகத் திறந்து கொட்டிவிடுங்கள். மறுபடி காய்ச்சிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

புளிப்பு சேர்த்தால் சீக்கிரம் புளித்துப்போகாதா?

என் அத்தை கேட்ட கேள்வி இது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வரும் நியாயமான குழப்பம். எலுமிச்சை புளிக்கிறது என்பது சுவை. மாவு புளித்தது என்பது நுண்ணுயிர் செய்த வேலை. முதல் புளிப்பைச் சேர்ப்பதால் இரண்டாவது புளிப்பு வேகமாகாது. பல கிருமிகளுக்கு அது தடையாகவே இருக்கும்.

கடையில் பதனப்பொருள் என்று சோடியம் பென்சோயேட்டும் கேஎம்எஸ்ஸும் கொடுக்கிறார்கள். அதற்கும் ஆசிட்டுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. பென்சோயேட் புளிப்பான சாற்றில்தான் வேலை செய்யும். புளிப்பில் அது பென்சாயிக் அமிலமாக மாறுகிறது. அந்த வடிவத்தில்தான் ஈஸ்ட்டின் உடலுக்குள் நுழைய முடியும். பிஎச் 3இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த வடிவில் இருக்கும். பிஎச் 5இல் ஏழில் ஒரு பங்குதான். புளிப்பில்லாத தர்பூசணிச் சாற்றில் பென்சோயேட்டை மட்டும் போட்டு வைப்பதில் பெரிய பயன் இல்லை. கேஎம்எஸ் எனப்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் புளிப்பில்தான் கந்தக டை ஆக்சைடை நன்றாக வெளிவிடும்.

எதை எதற்குப் போடுவது? கேஎம்எஸ் சிவப்பு, ஊதா நிறங்களை வெளுக்கச் செய்யும். அதனால் திராட்சை, நாவல், மாதுளைக்கு பென்சோயேட்; எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழத்துக்கு கேஎம்எஸ். இந்திய விதிகளின்படி ஸ்குவாஷில் பென்சாயிக் அமிலம் ஒரு கிலோவுக்கு 600 மில்லிகிராம், கந்தக டை ஆக்சைடு 350 மில்லிகிராம் வரை இருக்கலாம். வீட்டுக் கணக்கில் ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு பென்சோயேட் என்றால் 0.7 கிராம், கேஎம்எஸ் என்றால் 0.6 கிராம் உச்சம். சிட்டிகைக் கணக்கு உதவாது. நகைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் கேஎம்எஸ் வேண்டவே வேண்டாம், சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும்.

நான் இரண்டையும் போடுவதில்லை. சின்னச் சின்னப் பாட்டிலாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுகிறோம்.

சங்குப்பூ சிரப் நீலமாக இருந்தது, ஆசிட் போட்டதும் ஊதாவாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. சங்குப்பூ, செம்பருத்தி, திராட்சைத் தோல், நாவல் எல்லாவற்றிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி வகை. புளிப்பில் அது சிவப்புப் பக்கம் போகும். புளிப்பு குறைந்தால் ஊதா, நீலம். செம்பருத்தி இதழைக் கொதிநீரில் போட்டால் முதலில் மங்கிய ஊதாதான் வரும். சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றியதும் பளிச்சென்று சிவக்கும். பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய காட்சி அது! அந்தச் சிவப்பு நாள்கணக்கில் நிற்பதற்கும் புளிப்புதான் காரணம். சங்குப்பூவின் நீலம் வேண்டுமென்றால் சிரப்பில் ஆசிட் வேண்டாம். டம்ளரில் பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள்.

ரோஸ் சிரப்பைப் பாலில் ஊற்றினால் திரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

சிரப்பில் ஆசிட் அதிகம். பால் புரதம் பிஎச் 4.6 அருகே கட்டிபடும். பாலைத் திரித்துப் பனீர் எடுக்க நாம் சிட்ரிக் ஆசிட் போடுவது இதற்காகத்தான். ரோஸ்மில்க், பாதாம் பால் ஆகியவற்றுக்கான சிரப்பில் ஆசிட் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் சர்க்கரையைக் கெட்டியாக, எடையில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு என்று வையுங்கள். ரோஸ் சிரப்பை எலுமிச்சை சோடாவிலும் கலக்க ஆசைப்பட்டால் இரண்டு பாட்டிலாகப் பிரித்து ஒன்றில் மட்டும் ஆசிட் போடுங்கள்.

சர்பத் பாட்டிலின் அடியில் கற்கண்டு மாதிரிப் படிகிறது. ஆசிட் போட்டால் நிற்குமா?

நிற்கும். குலாப் ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சை விடுவது ஏன் என்று யோசித்தால் புரியும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். அவை கலந்திருந்தால் சர்க்கரை மறுபடி படிகமாகச் சேர்வது கடினம். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை கிராமே போதும். பாகு கொதிக்கும்போது போட வேண்டும்.

திராட்சைப் பாட்டிலில் படிவது வேறு. அது திராட்சையிலேயே இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. குளிரில் படியும், தீங்கில்லை, வடிகட்டிக்கொள்ளலாம்.

டார்டாரிக் ஆசிட், வினிகர், புளி எல்லாம் பயன்படுத்தலாமா?

டார்டாரிக் சற்றுக் கூர்மையான புளிப்பு, திராட்சைக்குப் பொருந்தும். சிட்ரிக் அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். மாலிக் ஆசிட் என்பது ஆப்பிளின் புளிப்பு. வினிகருக்கு மணம் உண்டு. ஈரானில் புதினாவும் வினிகரும் சேர்த்துச் செய்யும் செகன்ஜபின் போல, அந்த மணம் வேண்டும் என்றால் மட்டும் ஊற்றலாம். புளியின் புளிப்பும் பெரும்பாலும் டார்டாரிக்தான். பானகத்தில் வெல்லத்தோடு புளி கரைக்கும் வீடுகள் இதைத் தலைமுறைகளாகச் செய்து வந்திருக்கின்றன.

எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்தில் சேர்ப்பது?

எவர்சில்வர் அல்லது கண்ணாடி. அலுமினியம், பித்தளை, செம்பு வேண்டாம், புளிப்பு உலோகத்தைக் கரைத்து இழுக்கும். சர்க்கரைப் பாகைக் காய்ச்சும்போதே ஆசிட்டைப் போட்டுவிடலாம். சூட்டில் அது ஆவியாகாது, கெடாது. கொதித்தால் மணம் போவது எலுமிச்சைச் சாறுதான். அதனால் எலுமிச்சை ஸ்குவாஷில் பாகை முழுக்க ஆறவிட்டுத்தான் சாறு சேர்க்க வேண்டும். விதையும் வெள்ளைத் தோலும் நசுங்காமல் பிழியுங்கள். நசுங்கினால் இரண்டு நாளில் கசப்பு ஏறும்.

ஆறிய ஸ்குவாஷில் கடைசியில் ஆசிட் கூட்ட வேண்டுமென்றால் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். படிகமாகத் தூவினால் அடியில் தங்கும், கடைசி டம்ளர் குடிப்பவர் முகம் சுளிப்பார்.

ஆசிட் கூடிவிட்டது. சமையல் சோடா போடலாமா?

வேண்டாம். நுரைத்துப் பொங்கும், உவர்ப்புச் சுவையும் வந்துவிடும். ஆசிட் போடாமல் இன்னொரு ஈடு செய்து இரண்டையும் கலப்பதே வழி.

இதில் வைட்டமின் சி கிடைக்குமா?

கிடைக்காது. வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம், இது வேறு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயாளிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார். அந்தக் குணத்துக்குக் காரணம் புளிப்பு என்று பலர் வெகுகாலம் நம்பினார்கள். புளிப்பல்ல, அதனுடன் இருந்த வைட்டமின்தான் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. உங்கள் ஸ்குவாஷில் வைட்டமின் சி இருந்தால் அது பழச் சாறு தந்தது. காய்ச்சினால் அதுவும் குறையும்.

பல்லுக்குக் கெடுதலா?

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எனாமல் கரையும். ஒரே தடவையில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் இருப்பவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

நன்னாரி சர்பத்துக்கு எவ்வளவு ஆசிட்?

என்னைக் கேட்டால் பாட்டிலில் புளிக்கும் அளவுக்குப் போடவே கூடாது. நன்னாரி வேரில் புளிப்பு இல்லை என்பது உண்மை. அதனால் சர்க்கரையைக் கட்டாயம் கெட்டியாக வைக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற பாகில் ஈஸ்ட்டும் வளராது, பாட்டுலிசக் கிருமியும் வளராது, ஆசிட்டின் காவல் தேவைப்படாது. சர்க்கரை படிகமாகாமல் இருக்க அந்த அரை கிராம் மட்டும் போடுகிறேன்.

முன்பு ஒரு கோடையில் கிலோவுக்கு 10 கிராம் போட்டுப் பார்த்தேன். குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் எலுமிச்சையை அப்போதே வெட்டிப் பிழியும்போது தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய் மணம், வேரின் மண் வாசனையோடு சேர்கிற அந்த நொடி அதில் இல்லை. சிட்ரிக் ஆசிட்டால் அதைத் தர முடியாது. இரண்டு கரண்டி சர்பத், ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி, மண்பானைத் தண்ணீர், அப்புறம் அரை மூடி எலுமிச்சை, டம்ளருக்கு மேலே வைத்துப் பிழியுங்கள்.